அறுபதாயிரம் ரூபாயில் கேம் கம்ப்யூட்டர்: எதில் செலவழிப்பது, எதில் மிச்சப்படுத்துவது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. குடியாத்தத்தில் வீடு, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. பிளஸ் டூ முடித்த தம்பிக்குக் கேம் விளையாடவும் கல்லூரிப் பாடத்துக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்க 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஒரு கடையில் “ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், 450 வாட்” என்று 35,000 ரூபாய்க்கு ஒரு செட் சொல்கிறார்கள். தம்பி எழுதிக் கொடுத்த பட்டியலோ 1,20,000 ரூபாயைத் தாண்டுகிறது. எந்தெந்தப் பாகம் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது, கடைக்காரரை நம்புவதா, தம்பியை நம்புவதா, பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாகிவிடுமோ என்ற கவலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதற்கும் சேர்த்துத்தான் பதில் எழுதுகிறேன்.

வேலூரில் 17 ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம், ஆற்காடு என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் ஊரில் கம்ப்யூட்டரைக் கெடுப்பது வெயில், தூசி, மின்சாரம் ஆகிய மூன்றும்தான். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் 22 டிகிரி அறையையும் சீரான மின்சாரத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பாகங்களின் பெயர்களை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்ற கணக்கை மட்டும் வேலூருக்குத் தக்கபடி மாற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. தம்பி வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரப் போகிறாரா, விடுதியில் தங்கப் போகிறாரா? விடுதி என்றால் இந்தப் பணத்தை டெஸ்க்டாப்பில் போட வேண்டாம், லேப்டாப்தான் உதவும். அது தனிக் கணக்கு. வீட்டிலிருந்துதான் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

35,000 ரூபாய் செட்டை எடுத்துக்கொள்வோம். ஐ7 என்பது இன்டெல் பிராசஸர்களில் (கம்ப்யூட்டரின் மூளை) ஒரு வரிசையின் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். 2600 என்றாலோ 3770 என்றாலோ அவை 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வந்த பிராசஸர்கள். பெரும்பாலும் அலுவலகங்களில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து வருபவை. நான்கு கோர் (உள்ளே வேலை செய்யும் பகுதிகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலைகள்). 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கும் எட்டும்தான், ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 அதன் பக்கத்திலேயே வராது. விண்டோஸ் 11 அந்தத் தலைமுறையை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தம்பி வேலோரன்ட் விளையாடுவார் என்று எழுதியிருந்தீர்கள். விண்டோஸ் 11-இல் அந்த கேம் திறக்க டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். அந்தப் பழைய மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப் பலகை) டிபிஎம் 2.0 கிடையாது.

“4 ஜிபி கிராபிக்ஸ்” என்பதும் இதே கதைதான். ஜிபி என்பது, கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் உள்ள மெமரியின் அளவு. வேகம் அதில் தெரியாது. அந்த விலைக்கு வைக்கப்படுவது பெரும்பாலும் ஜிடி 730. 2014-இல் வந்த கார்டு. அதற்கான புதிய கேம் டிரைவர்கள் 2021-உடன் நின்றுவிட்டன. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி, அதைவிட வேகமான ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்பதுண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அப்படிப்பட்ட கார்டைப் போலி என்றே காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். பில் போடவும் பாடம் படிக்கவும் அந்த செட் போதும். கேமுக்கென்று அதை வாங்கினால் 35,000 ரூபாயும் போய், ஆறு மாதத்தில் தம்பி மறுபடி கேட்கும் நிலை வரும்.

தம்பியின் பட்டியலில் தவறான பாகம் எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர்க் கூலர், எட்டு கோர் பிராசஸர், வண்ண விளக்கு ஃபேன்கள் இவற்றை எடுத்துவிட்டால் அவர் விளையாடும் கேம்களில் பெரிதாக எதுவும் குறையாது. அவரிடமே கேளுங்கள்: எந்த கேம், எந்த மானிட்டரில்? 1080பி (1920×1080 புள்ளி) மானிட்டரில் வேலோரன்ட், சிஎஸ் 2, ஜிடிஏ 5 என்றால் ஆறு கோர் பிராசஸரும் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் தாராளம்.

ஆகவே என் தேர்வு இது: பிராசஸருக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெலின் ஐ5-12400எஃப். இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இரண்டுக்கும் பெட்டியிலேயே கூலர் வருகிறது. எந்தக் கடையில் எது மலிவோ அதை எடுக்கலாம். கிராபிக்ஸுக்கு ஆர்எக்ஸ் 6600 அல்லது அதற்கு நிகரான, 8 ஜிபிக்குக் குறையாத கார்டு. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது இந்தக் கார்டுக்குப் போக வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் உண்டு. 6 ஜிபி வகை மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் குறைவு. பெயர் ஒன்றுதானே என்று விலை குறைந்ததை எடுத்துவிடாதீர்கள். 4 ஜிபி கார்டு, அது எந்தப் பெயரில் வந்தாலும் சரி, இன்று வாங்க வேண்டாம்.

மதர்போர்டில் மிச்சப்படுத்தலாம். ரைசனுக்கு பி450 அல்லது பி550, இன்டெலுக்கு எச்610 போதும். பி450 போர்டு பழைய இருப்பாக இருந்தால் 5600-ஐ ஏற்க பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். கடையிலேயே செய்து, திரையில் படம் வருவதைக் காட்டச் சொல்லுங்கள். கேமையும் கோப்புகளையும் வைக்கும் சேமிப்புக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியில் தொடங்கலாம். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும் காலம் இது, ஆகவே பிறகு இன்னொன்று தேவைப்படும். ராம் 16 ஜிபி. ஒரே குச்சியாக வாங்காமல் எட்டும் எட்டுமாக இரண்டு வாங்குங்கள். இரட்டைச் சேனலில் ஓடும்போது கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை வேகமாக ஏறியிருக்கிறது. ஏஐ சர்வர்களுக்காக மெமரி நிறுவனங்கள் உற்பத்தியைத் திருப்பியதுதான் காரணம். அதனால்தான் விலைப்பட்டியல் எழுதாமல் பங்காகச் சொல்கிறேன். நான் இன்று எழுதும் தொகை நீங்கள் கடைக்குப் போகும் நாளில் பொருந்தாது. மானிட்டரும் இந்த அறுபதுக்குள்தான் என்றால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். அப்போது வீட்டு டிவியில் சில மாதம் ஓட்டலாம், கிராபிக்ஸ் கார்டைக் குறைக்க வேண்டாம்.

இதுவரை சொன்னதில் மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டு. ரைசன் 5600 பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) வயதாகிவிட்டது, அதற்கு அடுத்த ஏஎம்5-க்குப் போனால் பிறகு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அது சரியான வாதம்தான். ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் கட்டாயம். போர்டும் விலை கூடுதல். அந்த வித்தியாசம் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் கழியும். என்னிடம் வாங்கியவர்களில் பிராசஸரை மட்டும் தனியாக மாற்றியவர்கள் மிகச் சிலர். ஆகவே 60,000-க்கு நான் ஏஎம்4 பக்கம்தான் நிற்பேன். உங்கள் பட்ஜெட் 80,000 ஆக இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இனிச் சொல்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டு மின்சாரத்தை மற்றப் பாகங்களுக்குத் தக்கபடி மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் மிச்சம் பிடிக்காதீர்கள். 2012-இல் நாள் முழுக்க மின்வெட்டு இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது காட்பாடி மாணவர் ஒருவருக்குக் கிராபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுத்தேன். 2,000 ரூபாய் மிச்சமாகட்டும் என்று கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே விட்டுவிட்டேன். ஒரு மாலை மின்சாரம் போய்த் திரும்பி வந்த நொடியில் அது வெடித்தது. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் கூடவே போயின. இறுதியாண்டு பிராஜெக்ட் அந்த டிஸ்க்கில் இருந்தது. போர்டை என் பணத்தில் மாற்றிக் கொடுத்தேன். பிராஜெக்டை மீட்க முடியவில்லை. அந்தப் பையனின் முகம் இன்றைக்கும் மறக்கவில்லை.

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருக்கும், அதை விட்டுவிடுங்கள். கீழே சிறிய கட்டம் ஒன்றில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். 12 வோல்ட்டுக்கு நேராக உள்ள எண்ணை மட்டும் பாருங்கள். மலிவான 450 வாட் பெட்டி ஒன்றில் 14 ஆம்பியர் என்று நான் படித்திருக்கிறேன். பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாக 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கும். ரைசன் 5600 உச்சத்தில் சுமார் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட். இரண்டும் சேர்ந்தாலே 208. அந்தப் பெட்டியால் எப்படித் தாங்க முடியும்? நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே இடத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும்.

அதே ஸ்டிக்கரில் உள்ளீட்டு வோல்ட்டேஜும் இருக்கும். சிலவற்றில் 100–240 என்றும் சிலவற்றில் 200–240 என்றும் அச்சிட்டிருப்பார்கள். மே மாதம் இரவு எட்டு மணிக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும்போது நம் பக்கத்து வீடுகளில் 180 வோல்ட் வரை இறங்கியதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அப்போது 200–240 வகை கேமின் நடுவில் அணைந்து மறுபடி எழும்பும். ஆட்கள் கிராபிக்ஸ் கார்டில் கோளாறு என்று நினைத்து என்னிடம் கொண்டு வருவார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது 100–240 வகையைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் 115/230 என்று சிறிய சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு, வேண்டாம். 80 பிளஸ் முத்திரை இருப்பது நல்லது. ஆனால் அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான அளவு. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கான உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஐந்து ஆண்டு வாரண்டி தரும் மாடல்களை நான் அதிகம் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது எர்த். கம்ப்யூட்டரைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்று எத்தனையோ வீடுகளில் சொல்வார்கள். பிளக்கில் மூன்று துளை இருக்கும். பின்னால் எர்த் கம்பி எங்கேயும் போயிருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி அமைப்பில், எர்த் இல்லாவிட்டால் கேபினட் உடம்பில் மின் வோல்ட்டேஜில் ஏறக்குறைய பாதி வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் பெரும்பாலும் சுருக்கென்ற உணர்வோடு போய்விடும். ஆனால் மானிட்டர் கேபிளைச் செருகும் நேரத்தில் போர்ட் எரிந்துபோன கார்டுகளைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினட்டின் பின்பக்கத் திருகு ஒன்றில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால், பாகம் எதையும் கழற்றாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

யுபிஎஸ் வாங்கினால் 600 விஏ என்பது பொதுவாக 360 வாட் அளவில்தான் தாங்கும். கேம் ஓடும்போது இந்தக் கம்ப்யூட்டரும் மானிட்டரும் 300 வாட்டை நெருங்கும். பேட்டரி சில நிமிடத்துக்கு மேல் நிற்காது. சேமித்துவிட்டு அணைக்க அந்த நேரம் போதும் என்றால் சரி, இல்லாவிட்டால் 1000 விஏ பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வீட்டில் இருந்தால் அதில் இதை இணைக்க வேண்டாம்.

கேபினட்டைக் கண்ணாடி அழகுக்காக வாங்காதீர்கள். முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும், முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. அறை பத்து டிகிரி சூடானால் உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். மார்கழியில் 70 டிகிரியில் அமைதியாக ஓடும் கார்டு, கத்திரி வெயிலில் வெளியே 40-ஐத் தாண்டும்போது, ஓடு போட்ட மாடி அறையில் 85-ஐத் தொடும். எரிந்துவிடாது, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரையில் கேம் தடுமாறும். மேசைக்கு அடியில் மூன்று பக்கமும் அடைத்த தட்டில் வைப்பதும், தரையில் வைப்பதும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

எங்கே வாங்குவது? காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம்தான். அங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேர்வு அதிகம், விலையும் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆனால் ஒரு பாகம் கெட்டால் மறுபடி நீங்கள்தான் போய்வர வேண்டும், வேலைக்கு விடுப்பும் போட வேண்டும். வேலூரில் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும், வாரண்டிக்கு நாங்களே அனுப்பி வாங்கித் தருகிறோம் என்று பில்லில் எழுதிக் கொடுக்கும் கடை இருந்தால் உள்ளூரையே சொல்வேன். நானும் இதே தொழிலில் இருப்பவன் என்பதால் இந்த ஒரு கருத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தே எடை போடுங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

பழையது வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிராசஸர், ராம் பழையதாக வாங்கலாம். அவை எளிதில் கெடுவதில்லை. எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு நடுவில் நிற்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் படிப்பு முடித்து ஊர் திரும்பும் மாணவர்கள் நல்ல கார்டுகளை விற்றுவிட்டுப் போவார்கள். ஆனால் கிரிப்டோ மைனிங்கில் இரவும் பகலும் ஓடிய கார்டா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அரை மணி நேரம் உங்கள் கண் முன்னால் கனமான கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ வராமல், ஃபேன் உரசும் சத்தம் கேட்காமல், சீரியல் எண்ணில் வாரண்டி மீதம் இருந்தால் வாங்கலாம்.

பாகங்கள் வீட்டுக்கு வந்த அன்று மூன்று விஷயத்தைத் தம்பியை உட்கார வைத்துச் சரிபாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 60 என்று கிடக்கும் ஹெர்ட்ஸை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) மானிட்டர் தாங்கும் 100-க்கோ 144-க்கோ மாற்ற வேண்டும். இரண்டு ஆண்டு 60-லேயே ஓட்டிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்காவிட்டால் 3200 ராம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பகல் மூன்று மணிக்கு, அறைக் கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் ஜிடிஏ ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போதே எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் கட்டத்தில் சந்தேகம் வந்தால், 12 வோல்ட்டுக்கு நேராக என்ன எண் என்று இங்கேயே கீழே எழுதுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் பதில் சொல்கிறேன்.